கொஞ்சத்திலும் உண்மை

மருத்துவமனையில் நடைபெறும் பெரிய காரியங்களை எல்லாரும் அறிவர். அறுவை சிகிச்சை நடந்த நாள் குடும்பத்தின் நினைவில் நிற்கும். அதைச் செய்த மருத்துவரின் பெயரும் நிற்கும். ஆயினும், ஒரு நோயாளி இங்கே கழிக்கும் நாள்களில் பெரும்பகுதி அத்தகைய காரியங்களால் ஆனதன்று. கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டுதல், சிறுநீரின் அளவைக் குறித்துவைத்தல், நனைந்த விரிப்பை மாற்றுதல், இரவு இரண்டு மணிக்கு எழுந்து நோயாளியை மறுபுறம் திருப்பிப் படுக்கவைத்தல், மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்றல் ஆகிய சிறு பணிகளால் ஆனது அது. இவற்றைச் செய்கிறவரின் பெயர் எந்த அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. பல வேளைகளில் நோயாளிக்கே அது தெரிவதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இதனோடு இன்னொரு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. ஞாயிறு பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்தவர், பாடகர் குழுவில் பாடியவர், வீடு வீடாகச் சென்று ஜெபித்தவர் இப்போது மாதக்கணக்கில் ஆலயத்திற்கே செல்ல இயலாமல் ஒரு கட்டிலின் அருகே அமர்ந்திருக்கிறார். அல்லது அந்தக் கட்டிலிலேயே படுத்திருக்கிறார். "என் ஊழியம் நின்றுபோயிற்று" என்று அவர் உள்ளம் சொல்லுகிறது. அது உண்மையில் நின்றுபோயிற்றா, இடம் மாறியிருக்கிறதா என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்துணிகளைத் தேடிச் சென்றவர்

எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், 38ஆம் அதிகாரத்தில், பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு நிகழ்ச்சி உண்டு. எருசலேம் பாபிலோனியரால் முற்றுகையிடப்பட்டிருந்த காலம் அது. உள்ளதை உள்ளபடி சொன்ன குற்றத்திற்காக எரேமியாவைப் பிரபுக்கள் ஒரு துரவில் இறக்கிவிட்டனர். அதில் தண்ணீர் இல்லை. சேறு மட்டுமே இருந்தது. தீர்க்கதரிசி அந்தச் சேற்றில் அமிழ்ந்தார். அரண்மனையில் பணிபுரிந்த எபெத்மெலேக்கு என்னும் எத்தியோப்பியர் இதைக் கேள்விப்பட்டு, அரசனிடம் நேரில் சென்று முறையிட்டு, எரேமியாவை வெளியே எடுக்க அனுமதியும் முப்பது ஆள்களும் பெற்றார்.

அரசன் முன் நின்று பேசியது துணிவான செயல். பிரசங்கங்களில் நாம் கேட்பதும் அதுவே. ஆனால் வேதாகமம் அடுத்துக் கூறுவதைக் கவனியுங்கள். எபெத்மெலேக்கு கயிற்றோடு நேரே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறையின் கீழே இருந்த இடத்திற்குச் சென்று, கிழிந்த பழந்துணிகளைத் தேடி எடுத்தார். அவற்றைக் கயிற்றில் கட்டித் துரவுக்குள் இறக்கினார். அந்தத் துணிகளை அக்குள்களில் வைத்து, அவற்றின்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும்படி எரேமியாவிடம் சொன்னார். அதன்பிறகே மேலே இழுத்தனர்.

பழந்துணி இல்லாமலும் எரேமியா உயிரோடு வெளியே வந்திருப்பார். ஆனால் பட்டினியால் மெலிந்த உடலைச் சேற்றிலிருந்து கயிற்றால் இழுத்தால், அக்குள் தோல் உரிந்து புண்ணாகும். எபெத்மெலேக்கு அதை முன்கூட்டியே எண்ணினார். துணியை மேலிருந்து எறிந்தால் அது சேற்றில் விழும் என்பதையும் எண்ணியே அதைக் கயிற்றில் இறக்கினார். முற்றுகையிடப்பட்டு, அப்பமும் தீர்ந்துகொண்டிருந்த ஒரு நகரத்தில், இன்னொருவரின் அக்குளைப் பற்றிக் கவலைப்பட ஒருவருக்கு நேரம் இருந்தது. இதை எழுதிவைப்பது தகும் என்று வேதாகமம் கருதியிருக்கிறது. நோயாளியின் குதிகாலுக்கு அடியில் ஒரு மெத்தென்ற துணியை மடித்து வைக்கும் எவரும் எபெத்மெலேக்கின் பணியையே செய்கிறார்.

சமையலறையில் ஒரு சகோதரர்

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் வாழ்ந்தார். லொரேன் பகுதியைச் சேர்ந்த அவருடைய இயற்பெயர் நிக்கோலா ஹெர்மான். இளமையில் போர்வீரராக இருந்து காயமுற்றவர். வாழ்நாள் முழுவதும் கால் ஊனத்தோடு நடந்தவர். குருவாகும் அளவுக்குக் கல்வி இல்லாததால் மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறைப் பணி. இயல்பாகவே அவருக்குப் பிடிக்காத வேலை அது. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதைச் செய்தார். பின்னர் துறவிகளின் காலணிகளைச் செப்பனிடும் வேலைக்கு மாற்றப்பட்டார். 1691இல் மறைந்தார்.

அவரோடு உரையாடியவர்களின் குறிப்புகளும் அவர் எழுதிய சில கடிதங்களும் மறைவுக்குப்பின் தொகுக்கப்பட்டதால்தான் அவரை உலகம் அறிந்தது. அவர் கண்டுகொண்ட உண்மை எளியது. ஜெபவேளையில் தேவனோடு இருப்பதுபோலவே பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் அவரோடு இருக்க முடியும். அடுப்பில் முட்டையைத் திருப்பிப்போடுவதையும் தேவன்மேல் உள்ள அன்பினால் செய்ய முடியும். ஒருமுறை மடத்திற்குத் திராட்சரசம் வாங்கிவர அவர் படகில் அனுப்பப்பட்டார். கால் ஊனத்தால் எழுந்து நடக்க இயலாமல், பீப்பாய்களின்மேல் உருண்டுதான் இடம்பெயர்ந்தார். அதையும் அவர் அவமானமாகக் கொள்ளவில்லை. இது தேவனுடைய வேலை என்று அவரிடமே ஒப்படைத்துவிட்டுச் செய்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிறு பணியைப் பரிசுத்தமாகச் செய்வது என்றால் அது எப்போதும் இனிமையாக இருக்கும் என்று பொருளன்று. லாரன்ஸுக்கும் சமையலறை பிடிக்கவில்லை. விருப்பம் வந்தபின் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, அவ்வளவே. மலம் கழித்த நோயாளியைச் சுத்தம் செய்யும்போது உங்களுக்கு அருவருப்பு தோன்றினால், உங்கள் அன்பு பொய்யானது என்று எண்ண வேண்டாம். அருவருப்பு உடலின் இயல்பு. அதோடுகூடச் செய்து முடிப்பதே அன்பு.

டோனாவூரில் ஒரு துவாலை

அயர்லாந்தில் 1867இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலிச் சீமையின் ஊர்களில் நற்செய்தி அறிவித்துக்கொண்டிருந்த அவரிடம் 1901இல் ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தாள். பின்னர் மேலும் பல குழந்தைகள் வந்தனர், கைக்குழந்தைகளும் வந்தனர். பாலூட்டுவதும், குளிப்பாட்டுவதும், நகம் வெட்டுவதும், இரவில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவருடைய அன்றாட வேலையாயின. பிரசங்கப் பணியை விட்டு ஆயாக்களாகிவிடுவது சரிதானா என்னும் கேள்வி அவருக்கும் எழுந்தது. இயேசு துவாலையை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியே அதற்கு விடையாயிற்று. போதகரும் ஆண்டவருமானவர் செய்த வேலையை அவருடைய சீஷர் தாழ்வானது என்று சொல்ல இயலாது.

1931இல் ஏமி அம்மையார் கீழே விழுந்து பலத்த காயமுற்றார். 1951இல் மறையும்வரை, ஏறத்தாழ 20 ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே அவர் வாழ நேர்ந்தது. இதுவரை பிறரைக் கவனித்தவர் இப்போது பிறரால் கவனிக்கப்படுகிறவரானார். அந்த அறையிலிருந்தே பல நூல்களை எழுதினார். அவற்றுள் ஒன்று நோயுற்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. நோயாளிகளுக்கென்று நலமுள்ளவர்கள் எழுதிய துண்டுப்பிரதிகள் தம்மைத் தொடவில்லை என்று கண்டதே அந்த நூலுக்குக் காரணம். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டி வைக்கப்பட்டது. குழந்தைகள் அவரை அழைத்த 'அம்மா' என்னும் பெயரே அதில் உள்ளது.

வேலூரில் தினசரிச் சோதனை

சிறு பணியின் மதிப்பு விசுவாசத்திற்கு மட்டும் உரியதன்று. மருத்துவமும் அதையே கற்றிருக்கிறது. மிஷனெரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்டு, 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயால் மடங்கிய விரல்களை, நல்ல தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை அவர் வளர்த்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். பிராண்டு அப்படி அல்ல என்று கண்டறிந்தார். நோய் நரம்பைத் தாக்குவதால் வலியுணர்வு போய்விடுகிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரமும், காலணிக்குள் இருக்கும் ஆணியும் புண்ணை உண்டாக்குகின்றன. கவனிக்கப்படாத புண்ணே விரலை அழிக்கிறது.

ஒருமுறை துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. நோயுற்ற ஒரு சிறுவன் முன்வந்து சாவியை எளிதில் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்புவரை வெட்டுப்பட்டிருந்ததை அவன் அறியவே இல்லை. வேறு சிலர் காலையில் எழும்போது விரலின் ஒரு பகுதி காணாமற்போயிருந்தது. இரவில் காத்திருந்து பார்த்தபோது, உறங்குகிறவர்களின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரியவந்தது. அதற்குத் தீர்வு எந்த உயர்ந்த கருவியும் அன்று; பூனைகளை வளர்த்ததே.

விரல்களை நிமிர்த்த அறுவை சிகிச்சை சில மணி நேரமே எடுத்தது. நிமிர்த்திய விரல்களைக் காத்தது, நோயாளிகள் நாள்தோறும் தங்கள் கைகளையும் கால்களையும் கண்ணால் பார்த்துச் சோதித்த பழக்கம். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கொப்புளம் தோன்றியிருக்கிறது, காலணிக்குள் கல் கிடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்தனர். இன்று தொழுநோயைக் கூட்டு மருந்துகளால் முழுமையாகக் குணப்படுத்தலாம். ஆயினும் அந்தப் பாடம் பழையதாகவில்லை. நீரிழிவினால் கால்களில் உணர்வு குன்றியவர்களுக்கு நம் செவிலியர் சொல்லும் அறிவுரையும் இதுவே.

உங்கள் கட்டிலருகே

நீங்கள் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறவராக இருந்தால், உங்கள் கையில் இருக்கும் சில பணிகளை எண்ணிப்பாருங்கள்.

புறம் மாற்றுதல்: தாமாகத் திரும்ப இயலாத நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் செவிலியர் சொல்வர். உடலை விரிப்பின்மேல் இழுக்காமல், துணைக்கு ஒருவரை அழைத்துத் தூக்கி மாற்றுங்கள். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் மறையாத சிவப்பு இருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ஆழமான படுக்கைப்புண் ஆற மாதங்கள் ஆகலாம். அதைத் தடுக்கச் சில நிமிடங்கள் போதும்.

கை கழுவுதல்: நோயாளியைத் தொடுமுன்னும், தொட்டபின்னும், உணவு ஊட்டுமுன்னும் சோப்பிட்டு 20 விநாடிகளாவது கழுவுங்கள். நீங்கள் கழுவினீர்களா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. உண்மைத்தன்மை சோதிக்கப்படும் இடம் இத்தகையதே.

ஊட்டுதல்: தலையை உயர்த்தி அமரவைத்து, சிறு கரண்டியால் கொடுங்கள். ஒரு வாயை விழுங்கியபின்னரே அடுத்ததைக் கொடுங்கள். உண்டபின் சுமார் அரைமணி நேரம் படுக்கவைக்க வேண்டாம். அவசரப்பட்டு ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். பொறுமை இங்கே மருந்தாகிறது.

கணக்கு எழுதுதல்: குடித்த நீர், கழிந்த சிறுநீர், காய்ச்சலின் அளவு ஆகியவற்றை எழுதச் சொல்லியிருப்பார்கள். எழுத மறந்துவிட்டால், கேட்கும்போது ஓர் எண்ணைக் கற்பனையாகச் சொல்லிவிடும் சோதனை வரும். அந்த எண்ணைக் கொண்டே மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறார். "அந்த வேளையில் பார்க்கவில்லை" என்று சொல்வது சிறு வெட்கம். பொய்யான எண் நோயாளிக்குப் பெருந்தீங்காகலாம். கொஞ்சத்தில் உண்மையாயிருத்தல் என்று ஆண்டவர் கற்பித்தது இவ்வளவு நேரடியானது.

படுத்திருப்பவருக்கும் ஒரு பணி உண்டு

நோயாளியாகிய நீங்கள், "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன், என்னால் ஒன்றும் செய்ய இயலாது" என்று எண்ணக்கூடும். உங்களிடமும் சிறு பணிகள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைச் சொன்னபடி ஊதாமல் உறிஞ்சி இழுத்தல், கசந்தாலும் மாத்திரையை விழுங்குதல், வலியைக் கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் உள்ளபடி சொல்லுதல், நடக்கச் சொன்ன பத்து அடிகளை நடத்தல் ஆகியவை உங்கள் பணிகள். தலையணையின் கீழ் மறைக்கப்பட்ட மாத்திரையை மருத்துவர் காண்பதில்லை. ஆனால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி அவர் வேறு மருந்தை எழுதிவிடக்கூடும்.

கவனிக்கப்படுவதை ஏற்றுக்கொள்வதும் ஒரு பணியே. பேதுரு தன் கால்களை ஆண்டவர் கழுவக்கூடாது என்று மறுத்தார். கழுவுவதைவிடக் கழுவப்படுவது சிலருக்குக் கடினம். உங்களைக் குளிப்பாட்ட வரும் மகளையோ மருமகளையோ கடிந்துகொள்ளாமல் உடலை ஒப்புக்கொடுப்பதும், "களைத்துப்போயிருப்பாய், சற்று உட்கார்" என்று ஒரு சொல் சொல்வதும் கட்டிலில் இருந்தபடியே செய்யக்கூடிய ஊழியங்கள். அறையைத் துடைக்க வரும் பணியாளரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுவதும் அப்படியே.

சோர்வு பாவமன்று

உண்மையாயிருத்தல் என்பதைச் சிலர் ஓய்வே இல்லாமல் இருத்தல் என்று புரிந்துகொள்கின்றனர். வேதாகமம் அவ்வாறு கற்பிக்கவில்லை. எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, இனி வாழ்ந்தது போதும் என்று சோர்ந்தபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், மறுபடியும் எழுப்பி உண்ணச் செய்தான். அறிவுரை அதற்குப் பின்புதான் வந்தது. மோசேயின் கைகள் தளர்ந்தபோது அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்கினர்.

ஆகவே, பார்க்க வருகிறவர்கள், "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம்" என்று வழக்கம்போல் சொல்லிவிடாதீர்கள். "நாளை மதியம் இரண்டு மணி நேரம் இங்கே இருங்கள், நான் உறங்கவேண்டும்" என்றோ, "பிள்ளைகளுக்கு ஒருவேளை சாப்பாடு கொடுத்தனுப்புங்கள்" என்றோ குறிப்பாகக் கேளுங்கள். அவர்களுக்கும் ஒரு சிறு பணி வேண்டும். பல இரவுகளாக உறக்கமின்றி, காரணமில்லாமல் அழுகை வந்தால் அல்லது நோயாளியின்மேல் கோபம் பொங்கினால், அதை மறைத்துவைக்காமல் மருத்துவரிடமோ, செவிலியரிடமோ, மருத்துவமனைப் போதகரிடமோ பேசுங்கள்.

பலன் தெரியாதபோது

எல்லாவற்றையும் உண்மையாய்ச் செய்தும் நோயாளி குணமடையாமற்போவது உண்டு. இதை மூடிமறைப்பது நேர்மையன்று. சிறு பணிகள் தேவனோடு நாம் செய்துகொள்ளும் பேரம் அல்ல. இத்தனை இரவுகள் விழித்தால் இன்ன பலன் என்று எழுதப்பட்டிருக்கவில்லை. நினைவிழந்து கிடப்பவருக்கும், பிள்ளைகளின் பெயரே மறந்துபோன முதியவருக்கும் செய்யும் பணியில் நன்றிச் சொல்லும் திரும்பி வராது.

பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினாள். அது சிலுவையைத் தடுக்கவில்லை. அடுத்து வந்த துன்பங்களில் ஒன்றையும் அது குறைக்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் அதை வீண் செலவு என்றனர். இயேசுவோ, அவளால் முடிந்ததை அவள் செய்திருக்கிறாள் என்று ஏற்றுக்கொண்டு, தம்முடைய அடக்கத்திற்கு அது ஆயத்தம் என்று சொன்னார். மரணத்தை நோக்கிச் செல்லும் ஓர் உடலுக்குச் செய்யப்பட்ட அன்பு வீணானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உலர்ந்த உதடுகளை ஈரத்துணியால் நனைப்பதற்கு, குணமாதல் என்னும் காரணம் தேவையில்லை.

நியாயத்தீர்ப்பைக் குறித்து இயேசு சொன்ன போதனையில், நோயுற்றவரை விசாரிக்கவந்த நீதிமான்கள் வியப்போடு கேட்கின்றனர்: நாங்கள் எப்போது உமக்கு இதைச் செய்தோம் என்று. செய்தவர்களுக்கே அது நினைவில் இல்லை. கரண்டிக் கஞ்சி, மடித்து வைத்த துணி, கழுவிய கை, உண்மையாய் எழுதிய ஓர் எண் ஆகியவற்றை நாமும் மறந்துவிடுவோம். வீடு திரும்பியபின் மருத்துவரின் பெயர்தான் நினைவில் நிற்கும். நாம் மறந்தவற்றை மறவாதவர் ஒருவர் இருக்கிறார்.

அன்புள்ள ஆண்டவரே, சீஷர்களின் கால்களைக் கழுவிய உம்முடைய கைகளின் பொறுமையை எங்கள் கைகளுக்குத் தாரும். யாரும் பாராத வேளையிலும் எங்களை உண்மையுள்ளவர்களாய்க் காத்துக்கொள்ளும். களைத்தவர்களுக்கு உறக்கத்தையும், தனித்திருப்பவர்களுக்குத் துணையையும், வேதனையில் இருப்பவர்களுக்கு இந்த இரவின் ஆறுதலையும் அருளிச்செய்யும். ஆமென்.